நீலவ்வா அழவில்லை

ஞாயிற்றுக்கிழமை காலை நீலவ்வா மில்லின் ஷட்டரைத் தூக்குவதற்குள் அவளுக்கு ஆறுதல் சொல்ல ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். முதலில் வந்தவள் பூக்காரி. நீலவ்வாவின் கையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். பின்னாலேயே வந்த வாத்தியார் வீட்டம்மா, சவதத்தி எல்லம்மாவுக்கு வேண்டிக்கொண்டால் போனவர்கள் திரும்பி வருவார்கள், தன் நாத்தனாருக்கே அப்படி நடந்திருக்கிறது என்றாள். யார் போனார்கள், யார் வர வேண்டும் என்று நீலவ்வாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

எதிரே மெத்தைக் கடை வைத்திருக்கும் மவுலாசாப்தான் பேப்பரைக் கொண்டுவந்து நீட்டினார். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. முகத்தை வெகு சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை.

"நீலக்கா, தினமும் சாயங்காலம் மில்லை நிறுத்திட்டு ரோட்டையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்களாமே. நான் எதிர்லயே உட்கார்ந்திருக்கேன், எனக்குத் தெரியவே இல்ல பாருங்க."

பேப்பரில் கால் பக்கத்துக்கு அவள் படம் போட்டிருந்தது. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். மேலே கொட்டை எழுத்தில் 'காத்திருக்கும் கண்கள்' என்று தலைப்பு. கணவன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் தூர தேசம் போய்விட்டானாம். அவன் விட்டுப்போன மில்லை அவன் நினைவாக இந்த அபலை ஓட்டிவருகிறாளாம். கல் சுற்றும் ஓசையில் அவளுக்கு அவன் குரல் கேட்கிறதாம். கணவரைப் பற்றிக் கேட்டதும் கண்கள் குளமாகிவிட்டனவாம்.

நீலவ்வா நின்றபடியே முழுக்கப் படித்தாள். பிறகு மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

கதக் ஊர் மார்க்கெட்டுக்கு அந்தப் பேப்பர்க்காரன் பிரமோத் வர ஆரம்பித்துச் சில மாதங்களாகியிருந்தன. முப்பது வயதிருக்கும், மெலிந்த ஆள், பேச்சில் நல்ல மரியாதை. வாராவாரம் ஒரு கடைக்காரரைப் பிடித்து, அவர் தொழிலைப் பற்றிப் பேசி, ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் எழுதுவான். பூட்டுக்காரர் ஏக்நாத், வளையல்காரி, மவுலாசாப் என்று வரிசையாக வந்துகொண்டிருந்தது. நீலவ்வாவின் முறை வந்தபோது அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். அவள் தொழிலைப் பற்றி யாரும் அவளிடம் கேட்டதில்லை. மாவு வந்தால் வாங்கிக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான்.

அதனால் அவள் மனம்விட்டுப் பேசினாள். சோளத்துக்கு ஒரு கல், கோதுமைக்கு ஒரு கல் என்று ஏன் தனித்தனியாக வைத்திருக்கிறாள், கல் மழுங்கிவிட்டால் மாவு எப்படிச் சூடாகி வாசனை மாறும், உளி எடுத்து எந்தப் பக்கம் சாய்த்துக் கொத்த வேண்டும் என்றெல்லாம் சொன்னாள். மிளகாய் இடிக்கிற மெஷினைக் காட்டினாள். இரும்பு உலக்கைகள் மாறி மாறி விழுகிற அந்தக் குழிக்குள் பேடகி மிளகாய் எப்போது நிறம் விடும் என்று சொன்னாள். அன்றைக்கு மிளகாய்ச் சீசன். மில்லுக்குள் நின்றவர்கள் எல்லோருக்கும் மூக்கிலும் கண்ணிலும் ஒழுகிக்கொண்டிருந்தது, பிரமோத்துக்கே ஒழுகியது. அவன் தும்மலுக்கு நடுவில் புருஷனைப் பற்றிக் கேட்டான். அவள் "இல்ல" என்றாள். கண்ணைத் துடைத்தாள். அந்த நேரம் பார்த்துப் படம் எடுத்துவிட்டான்.

கல்லைப் பற்றி அவள் சொன்னதில் ஒரு வரிகூடப் பேப்பரில் இல்லை. அதுதான் அவளுக்கு முதலில் எரிந்தது.

மத்தியானத்துக்குள் மற்றவர்களும் தங்கள் குறையை எடுத்துக்கொண்டு வந்தார்கள். இவ்வளவு நாள் பேப்பரில் பேர் வந்த பெருமையில் வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள்தான். மவுலாசாப்பைப் பற்றி எழுதும்போது, பஞ்சடிக்கும் வில்லின் நாதத்தில் மறைந்த தன் தந்தையின் மூச்சை அவர் உணர்கிறார் என்று எழுதியிருந்தான். மவுலாசாப்பின் அப்பா வீட்டில் உட்கார்ந்து அன்றாடம் சீட்டாடிக்கொண்டிருந்தார். ஏக்நாத்தைப் பற்றி எழுதும்போது, சாவி தொலைத்த ஒரு விதவைக்கு அவர் கூலி வாங்காமல் பெட்டியைத் திறந்து கொடுத்ததாகவும், உள்ளே அவள் கல்யாணச் சேலை இருந்ததாகவும் எழுதியிருந்தான். ஏக்நாத் வாழ்க்கையில் யாருக்கும் கூலி வாங்காமல் எதையும் திறந்து கொடுத்தவர் இல்லை. அது வந்த பிறகு ஓசியில் திறந்து தரச் சொல்லி வருகிறவர்களின் தொல்லை தாங்கவில்லை என்றார்.

மறுநாள் நீலவ்வா மில்லைச் சாத்திவிட்டுப் பேப்பர் ஆபீசுக்குப் போனாள். பிரமோத் அவளைக் கண்டதும் எழுந்து நாற்காலி போட்டான், டீ சொன்னான். அவனிடம் கள்ளம் எதுவும் தெரியவில்லை. எழுதியதில் அவனுக்குப் பெருமையாகவே இருந்தது. ஊரெல்லாம் போன் செய்து பாராட்டியதாகவும், ஆசிரியரே தோளில் தட்டிக்கொடுத்ததாகவும் சொன்னான்.

"கல்லு, பெல்ட்டு, உளின்னு எழுதினா யாரு படிப்பாங்கக்கா? சனங்களுக்கு மனசு உருகணும். உங்களுக்குக் கெட்ட பேரா வந்துச்சு? எல்லாரும் உங்களை நெனச்சு அழுதாங்க."

"நான் அழலையே தம்பி."

"படத்துல அழுறீங்களே."

"மிளகாய் இடிக்கிற எடத்துல நீயும்தான் அழுத. நீ எவளுக்காகக் காத்திருக்கேன்னு நான் எழுதிரட்டுமா?"

பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். பிரமோத்தின் காது சிவந்தது. ஆசிரியரிடம் கூட்டிப்போனான். ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றாமலே, ஆட்சேபம் இருந்தால் வாசகர் கடிதமாக எழுதித் தரலாம், இடம் இருந்தால் பரிசீலிப்போம் என்றார். வாசகர் கடிதம் எழுத நான் வாசகரா என்று கேட்டாள் நீலவ்வா. அவர் போனை எடுத்துவிட்டார்.

திரும்பி நடந்து வரும்போது அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அபலை என்ற வார்த்தை செருப்புக்குள் புகுந்த கல் போல உறுத்திக்கொண்டே இருந்தது. அவள் பட்டதெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்கு எதிராகப் பட்டதுதான்.

அவள் புருஷன் பக்கீரப்பா எந்தத் தூர தேசத்துக்கும் போகவில்லை. அவள்தான் அவனைத் துரத்தினாள்.

அந்த மில் பக்கீரப்பாவின் அப்பா வைத்துவிட்டுப்போனது. பக்கீரப்பா தராசுப் பக்கம் உட்காருவான், அவள் கல்லைப் பார்த்துக்கொள்வாள். சனங்கள் மிளகாய் மூட்டையை இறக்கிவிட்டு, சாமான் வாங்கி வருகிறோம் என்று கடைத்தெருவுக்குள் போய்விடுவார்கள். அந்த நேரத்தில் பக்கீரப்பா மூட்டையிலிருந்து நல்ல பேடகி மிளகாயைக் கை கையாக அள்ளி எடுத்துவிட்டு, போன வருஷத்து வெளுத்த மிளகாயைக் கலந்துவிடுவான். எடுத்த மிளகாய் ஒரு ஓட்டலுக்குப் போகும். நீலவ்வா பல தடவை சொல்லிப் பார்த்தாள். நீ உன் கல்லைப் பார் என்பான்.

ஒரு வருஷம் பக்கத்து ஊர் பெட்டகேரியிலிருந்து சாவித்திரவ்வா மகள் கல்யாணத்துக்காக மூட்டை மிளகாய் கொண்டுவந்தாள். தூள் வீடு போய்ச் சேர்ந்தபோது அதில் நிறமும் இல்லை, மணமும் இல்லை, பூஞ்சை வாடைதான் அடித்தது. சாவித்திரவ்வா விடுவாளா? மறுநாளே வந்து மார்க்கெட் நடுவில் தூளைக் கொட்டி, தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். கூட்டம் கூடிவிட்டது. பக்கீரப்பா எழுந்து கையைக் கூப்பினான். வீட்டில் இருக்கிற பொம்பளைக்குக் கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது, நான் என்ன செய்வேன் என்றான்.

நீலவ்வா முழங்கை வரை மாவோடு நின்றுகொண்டிருந்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. அன்று சாயங்காலம் பக்கீரப்பா எங்கோ போய்விட்டு வந்தபோது அவனுடைய டிரங்குப் பெட்டி வெளியே ரோட்டில் இருந்தது. ஷட்டர் உள்பக்கம் பூட்டியிருந்தது. அவன் கத்தினான், ஷட்டரை உதைத்தான். அந்தச் சத்தம் காதில் விழாமல் இருக்க அவள் கல்லில் தானியம் போட்டு மோட்டாரை ஓட்டிவிட்டாள்.

சில நாள் கழித்து அவன் ஆட்களோடு வந்து, என் அப்பன் வாங்கியது என்று மோட்டாரைக் கழற்றி எடுத்துப்போய் விற்றுவிட்டு இச்சல்கரஞ்சிப் பக்கம் போனான். அங்கே தறிப் பட்டறையில் வேலை என்றார்கள், வேறொரு குடித்தனம் என்றும் சொன்னார்கள். ஊரில் மட்டும், பெண்டாட்டி திருடியதால் மானம் போய் ஓடிவிட்டான் பாவம் என்று பேச்சு நின்றுவிட்டது.

நீலவ்வா அதை மறுக்கவில்லை. நம்புகிறவர்கள் கேட்காமலே நம்புவார்கள், நம்பாதவர்களிடம் எதற்குத் தொண்டை வறளப் பேச வேண்டும் என்பது அவள் கட்சி. உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு மற்ற மில்களுக்குப் போய்க் கல் கொத்தினாள். ஆம்பிளைகள் செய்கிற வேலை. முண்டர்கி ரோட்டில் ஒரு மில்காரர், மூலையில் கிடந்த எரிந்துபோன மோட்டாரைக் கூலிக்குப் பதிலாக எடுத்துக்கொள் என்றார். அதற்குச் செம்புக் கம்பி சுற்ற வைத்துத் தன் மில்லை மறுபடியும் ஓட்டினாள். கை ஒருமுறை பெல்ட்டில் சிக்கி முறிந்தது. அதுவும் கூடிற்று.

மில்லைத் திறந்த அன்றைக்கே ஒரு சட்டம் போட்டாள். மூட்டையை இறக்கிவிட்டு யாரும் போகக்கூடாது. கடைசித் தூள் பையில் விழும்வரை சொந்தக்காரர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். சுவர் ஓரமாக ஸ்டூல்கள் போட்டாள். கல்யாணம், சாவு என்று எந்தச் சாக்குச் சொன்னாலும் உட்காராதவர்களுக்கு இடித்துத் தரமாட்டாள். மார்க்கெட்டில் அதற்கு ஜெயில் மில் என்று பேர் வந்தது. ஆனால் அந்த ஜெயிலில் உட்காரத்தான் பெட்டகேரியிலிருந்தும் ஆள் வந்தது. மூன்றாம் வருஷம் சாவித்திரவ்வாவே வந்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு, உலக்கையைவிட்டுக் கண் எடுக்காமல் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனாள். ஒவ்வொரு வருஷமும் அப்படியே. இருவரும் எடை, நேரம் தவிர வேறெதுவும் பேசியதில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த இடத்தில்தான் பேப்பர் வந்தது. வந்து இரண்டு வாரத்துக்குள் பக்கீரப்பா வந்தான்.

மிளகாய்ச் சீசன் உச்சத்தில் இருந்த நாள். ஸ்டூல் எதுவும் காலியில்லை, சாவித்திரவ்வாவும் வந்திருந்தாள். வெளியே ஆட்டோ நின்றது. பக்கீரப்பா வெள்ளை வேட்டியும் புதுத் தொப்பியுமாக இறங்கினான். தலை நரைத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கூடவே அவன் தாய்மாமா சென்னப்பா, கையில் தட்டு, தட்டில் தேங்காய் பழம் சேலை. இன்னொருவர் பஞ்சாயத்துப் பேசுவதில் பேர் வாங்கியவர், கண்டிகாரப்பா. அவர் கையில் மடித்த பேப்பர்.

பக்கீரப்பா வாசலில் நின்று, "நீலா, வந்துட்டேன்" என்றான்.

நீலவ்வா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.  அவளுக்குப் பயம் வரவில்லை.

"மாவா, மிளகாயா?" என்றாள். "மிளகாய்னா வரிசையில உட்காருங்க."

ஸ்டூலில் இருந்த யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கண்டிகாரப்பா கனைத்துக்கொண்டு முன்னால் வந்தார். பேப்பரை விரித்துப் படத்தைச் சுற்றிலும் காட்டினார்.

"ஊரே படிச்சிருக்கேம்மா. காத்துக்கிட்டிருக்கேன்னு நீயே வாய்விட்டுச் சொல்லிட்ட. அவனும் மனசு கேக்காம வந்துட்டான். இதுக்கு மேல பேச என்ன இருக்கு? தட்டை வாங்கிக்க."

"நான் சொல்லல. பேப்பர்க்காரப் பையன் சொன்னது. இவரு வேணும்னு சொன்னது அவன்தான், அவன் வீட்டுலயே கொண்டுபோய் விடுங்க."

இந்தத் தடவை சிரிப்பு தெரு வரை கேட்டது. மவுலாசாப் வில்லைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார். ஏக்நாத்தும் வந்துவிட்டார். சென்னப்பா நல்ல மனுஷன், அவருக்குச் சங்கடமாக இருந்தது. தணிந்த குரலில், வயசாகிறது, பிள்ளை குட்டியும் இல்லை, நாளைக்கு விழுந்து கிடந்தால் ஒரு டம்ளர் தண்ணி கொடுக்க ஆள் வேண்டாமா என்றார்.

"விழுந்து கிடந்தேன் மாமா. கை முறிஞ்சு கிடந்தேன், டைபாய்டுல கிடந்தேன். தண்ணி மவுலாண்ணா வீட்டுல இருந்து வந்துச்சு, அவரு சம்சாரம் கொண்டுவந்தா. அப்போ இவரு எங்க இருந்தாருன்னு நீங்களே கேளுங்க."

கூட்டம் சேரச் சேர பக்கீரப்பாவின் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. சாதுவாக வந்து, சாதுவாக உள்ளே நுழைந்துவிடலாம் என்று எண்ணி வந்தவன். இப்போது சிரிப்பு அவனைச் சுட்டது.

"ரொம்பப் பேசாத நீலா. நான் எதுக்குப் போனேன்னு சொல்லட்டுமா? திருட்டுப் பட்டம் வாங்கினவளோட எப்படிக் குடும்பம் நடத்துறதுன்னு போனேன். அதை மறந்து, மன்னிச்சு, நானா எறங்கி வந்திருக்கேன். நீ என் கால்ல விழணும்."

நீலவ்வா திரும்பிப்போய் மோட்டாரை நிறுத்தினாள். உலக்கைகள் ஒவ்வொன்றாக இறங்கி நின்றன. பெல்ட்டின் கடைசிச் சுற்றும் ஓய்ந்தது. சீசன் நாளில் அந்த மில் பகலில் நின்றதே இல்லை. தெருவில் போனவர்கள்கூட என்ன என்று நின்றார்கள்.

அவள் சத்தம் போடவில்லை. மூட்டையில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்கிற குரலிலேயே சொன்னாள்.

"எல்லாரும் இருக்கீங்க, கேட்டுக்கங்க. இவரு போகல, நான் துரத்தினேன். பேடகியை எடுத்துட்டுப் பழசைக் கலந்தது இவரு. வாங்கின ஓட்டல்காரர் செத்துட்டாரு, அவரு பேரை நான் இழுக்கல. பிடிபட்டதும் பழியை எம்மேல போட்டாரு. நான் பேசாம நின்னேன். பேசாம நின்னதைத் திருடினதா எடுத்துக்கிட்டீங்க. அது உங்க தப்பு, என் தப்பு இல்ல. இத்தனை வருஷம் ஒருத்தர்கூட எங்கிட்ட வந்து, நீ பண்ணியான்னு கேக்கல."

 மூலை ஸ்டூலிலிருந்து சாவித்திரவ்வா எழுந்தாள். பருமனான உடம்பு, முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது. பக்கீரப்பாவுக்கு நேராக வந்து நின்றாள்.

"ஏம்ப்பா, அவ சொல்றது நெசமா?"

"அதெல்லாம் பழைய கதை. இப்போ எதுக்கு அதை..."

"பழசா புதுசான்னு நான் கேக்கல. நெசமா பொய்யா?"

பக்கீரப்பா கண்டிகாரப்பாவைப் பார்த்தான். கண்டிகாரப்பா பேப்பரை மடிக்க ஆரம்பித்திருந்தார். தாய்மாமா சென்னப்பாவுக்கு அந்த மௌனம் போதுமாயிருந்தது. இத்தனை காலம் மருமகன் சொன்னதை நம்பி, உறவுக்காரர் வீடுகளில் எல்லாம் நீலவ்வாவைப் பற்றி அவர் என்னென்னவோ சொல்லியிருந்தார். அவள் முகத்தை நேராகப் பார்க்காமல் தட்டை எடுத்துக்கொண்டு, "தப்பும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டோவில் போய் உட்கார்ந்தார்.

பக்கீரப்பா உடனே போகவில்லை. ஆட்டோ போன பிறகும் மவுலாசாப்பின் கடைப் படியில் உட்கார்ந்திருந்தான், அவள் மனசு மாறும் என்று நினைத்தானோ என்னவோ. மவுலாசாப் பஞ்சைப் பரப்ப வேண்டும், அண்ணன் கொஞ்சம் எழுந்தால் நல்லது என்றார். படியைவிட்டு எழுந்து குழாயடியில் நின்றான். அங்கே தண்ணீர் பிடிக்கிற பெண்கள் குடத்தை வைத்துக்கொண்டு அவன் நகரட்டும் என்று நின்றார்கள். வெயில் சாய்ந்தபோது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்து போய்விட்டான்.

அதற்குள் மில் மறுபடியும் ஓட ஆரம்பித்திருந்தது. சாவித்திரவ்வாவின் மிளகாய் பாதியில் நின்றிருந்தது, அதைத்தான் முதலில் எடுத்தாள் நீலவ்வா. இரண்டு பேரும் குழிக்குப் பக்கத்தில் நின்றார்கள். இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி சாவித்திரவ்வா சொன்னாள்:

"வருஷா வருஷம் உன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டுத்தானே உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி."

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

 சாவித்திரவ்வா பையைக் கட்டி எடுத்துக்கொண்டு போனாள்.

ஜெயித்துவிட்டோம் என்ற எண்ணம் நீலவ்வாவுக்கு வரவில்லை. எல்லோரும் போன பிறகு வேலையில் மனம் நிற்கவில்லை. ஒருவருடைய சோள மாவை இன்னொருவர் பையில் கொட்டிவிட்டு, மறுபடியும் பிரித்து எடுக்க வேண்டியதாயிற்று. இத்தனை வருஷம் வாயை மூடி வைத்திருந்தது சரிதானா என்ற கேள்வி வந்தது. சரியோ தப்போ, இனிமேல் மூடி வைக்கப்போவதில்லை என்று முடிவுசெய்தாள்.

மறுநாளே பிரமோத் வந்துவிட்டான். நடந்ததெல்லாம் அவன் காதுக்குப் போயிருந்தது. முதலில் மன்னிப்புக் கேட்டான், அது உண்மையாகவே இருந்தது. கட்டுரையால் இப்படி ஒரு ஆள் வந்து நிற்பான் என்று நினைக்கவே இல்லை என்றான். ஆனால் அடுத்த மூச்சில், இதை அப்படியே இரண்டாம் பாகமாகப் போட்டால் பிய்த்துக்கொண்டு போகும் என்றான்.

"போடு. ஆனா அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி இங்க வந்து எனக்குப் படிச்சுக் காட்டு. இந்தத் தெருவுல, சத்தமா."

"அப்படிப் பழக்கம் இல்லைக்கா. ஆசிரியர் ஒத்துக்க மாட்டாரு."

"கடைசித் தூள் விழுற வரைக்கும் இங்க மூட்டைக்காரங்க உட்கார்ந்து பாக்குறாங்க. என்னைப் பத்தி எழுதுறதை நான் பாக்கக்கூடாதா?"

பிரமோத் தலையைச் சொறிந்துகொண்டு போனான். அவன் போனதும் நீலவ்வா ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினாள். படித்துக் காட்டாமல் இனி யாரும் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்துக்குப் பேசக்கூடாது என்றாள். ஏக்நாத் உடனே ஒத்துக்கொண்டார். வளையல்காரி தயங்கினாள், அவளைப் பற்றி எழுதியதில் அவள் வயதைக் குறைத்துப் போட்டிருந்தான். கடைசியில் அவளும் சரி என்றாள். பிரமோத் துணிக்கடைத் தெருவுக்குப் போனான், பாத்திரக்கடைத் தெருவுக்குப் போனான். அங்கேயும் செய்தி அவனுக்கு முன்னாலேயே போயிருந்தது. தொழிலைப் பற்றிக் கேட்டால், படித்துக் காட்டுவியா என்று திருப்பிக் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் கொஞ்ச நாள் சமையல் குறிப்பு வந்தது.

பிறகு ஒரு திங்கட்கிழமை மத்தியானம் பிரமோத் தானாகவே காகிதங்களோடு வந்து நின்றான். மவுலாசாப் ஒரு புது மெத்தையைப் போட்டு அதன்மேல் உட்கார வைத்தார். சுற்றி மார்க்கெட்டே உட்கார்ந்தது. மவுலாசாப்பின் அப்பாவும், நான் எப்படிச் செத்தேன் என்று கேட்க வேண்டும் என்று சொல்லி, பேரன் பைக்கில் வந்து இறங்கினார். பிரமோத் எழுந்துபோய் அவர் காலைத் தொட்டான்.

படித்தான். கல் கொத்துவது வந்தது, உளியின் சாய்வு வந்தது. சாய்வைத் தப்பாக எழுதியிருந்தான், நீலவ்வா உள்ளே போய் உளியைக் கொண்டுவந்து காட்டினாள், திருத்திக்கொண்டான். மோட்டார் கதை வந்தது. 'பெண்ணாக இருந்தும்' என்று ஒரு இடத்தில் வந்தபோது, இருந்தும் எதற்கு என்று கேட்டாள். அடித்தான். பிறகு பக்கீரப்பாவின் கதை வந்தது. "நான் துரத்தினேன் என்கிறார் நீலவ்வா" என்ற இடத்தில் பிரமோத்தின் குரல் தானாகத் தணிந்தது.

"அதை மறுபடி படி," என்றாள் நீலவ்வா. "பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்கல."

சத்தமாகப் படித்தான்.

ஆனால் ஆசிரியர் ஆசிரியர்தான். சனிக்கிழமை சாயங்காலம் பிரமோத் போன் செய்தான். எல்லாம் அப்படியே வருகிறது, அந்த ஒரு வரியை மட்டும் 'கருத்து வேறுபாட்டால் கணவர் பிரிந்து சென்றார்' என்று மாற்றிவிட்டார், குடும்பங்கள் படிக்கிற பேப்பர் என்கிறார், என்னால் முடியவில்லை அக்கா என்றான். நீலவ்வா அவனைத் திட்டவில்லை. மார்க்கெட்டுக்கு வருகிற பேப்பர்க் கட்டு விடிகாலையில் எங்கே இறங்கும் என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது அவளும் மவுலாசாப்பும் ஏக்நாத்தும் பேனாக்களோடு பஸ் ஸ்டாண்டில் ஏஜெண்ட் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஏஜெண்ட் பதறினான்.

"அக்கா, இது என் சொத்து இல்ல, பேப்பர்க்காரன் சொத்து."

"கதை என்னோட சொத்து. வண்டி கிளம்பறதுக்குள்ள முடிச்சிர்றோம், நீ டீ சொல்லு."

 ஏஜெண்டின் அம்மா நீலவ்வாவின் மில்லில்தான் மிளகாய் இடிப்பாள். டீ சொன்னான். மூவரும் ஒவ்வொரு பேப்பராக விரித்து, அந்த வரியை அடித்துவிட்டு, மேலே 'நான் துரத்தினேன்' என்று எழுதினார்கள். ஏக்நாத்தின் கையெழுத்து கோழி கிண்டியது போல இருந்ததால் அவருக்கு மடித்து அடுக்குகிற வேலை கொடுத்தாள் நீலவ்வா. ஊரின் மற்ற பக்கங்களுக்கு அச்சடித்தபடியே போயிற்று. மார்க்கெட்டுக்கும் பெட்டகேரிக்கும் அவள் எழுதியபடி போயிற்று.

பத்து மணிக்கெல்லாம் ஆசிரியர் போன் செய்தார். சட்டம், வழக்கு என்று ஏதேதோ சொன்னார். நீலவ்வா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மாவைத் தள்ளிக்கொண்டே பதில் சொன்னாள்.

"வழக்குப் போடுங்க, கோர்ட்டுலயும் அதைத்தான் சொல்வேன். அதுவரைக்கும் எங்கிட்ட பேனா இருக்கு."

வழக்கு எதுவும் வரவில்லை. பேப்பர் அன்றைக்கு மத்தியானத்துக்குள் தீர்ந்துபோயிற்று என்று பிரமோத் பிற்பாடு சொன்னான். ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் மறுபடியும் நடக்க ஆரம்பித்தது, தெருவில் படித்துக் காட்டிய பிறகுதான் அச்சுக்குப் போனது. சில சமயம் ஒரே அமர்வில் முடியாது. ஏக்நாத்தின் கதையைத் திருத்தி எழுதியபோது அவர் சம்சாரமும் வந்து உட்கார்ந்துகொண்டாள். எங்களுக்குக் கல்யாணம் ஆன வருஷமே தப்பு, இவர் சொல்வதை ஏன் நம்பினாய் என்று பிரமோத்தைப் பிடித்துக்கொண்டாள். அவன் பாவம், அடித்து அடித்து எழுதிக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருந்த சத்தம் மில்லுக்குள் வரை கேட்டது. நீலவ்வா அதைக் கேட்டுச் சிரித்தபடியே, ஷட்டரை முழுக்கத் தூக்கி வைத்துக்கொண்டு, சோளக் கல்லைப் புரட்டிப் போட்டுக் கொத்திக்கொண்டிருந்தாள்.